ஏர்போர்ட் கிலோ

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாமல், மூன்று வருடம் ஊருக்கெல்லாம் விமான ஆலோசனை சொன்னவன் நான். நான் அதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் செஞ்சிக் கோட்டை. அதுவும் பாதி வழியில் மூச்சு வாங்கி, மோர் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் கடை வைத்திருந்தேன். ஜெராக்ஸ் எடுப்பது, ஆதாரில் விலாசம் மாற்றுவது, கரண்ட் பில் கட்டுவது, நடுநடுவே டிக்கெட் போடுவது. மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் வந்து, "எந்தக் கம்பெனி பிளேன் நல்லா இருக்கும் தம்பி?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனில் பயணிகள் எழுதும் விமர்சனங்களை எல்லாம் விடாமல் படித்து, ஒரு பெரிய சார்ட் பேப்பரில் பத்துக் கட்டம் போட்டு, கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

கால் நீட்ட இடம், சாப்பாடு, கழிவறை, நேரம் தவறாமை, ஜன்னல் சுத்தம் என்று வரிசையாக மதிப்பெண். ஒரே விமானத்தைப் பற்றி ஒருத்தர் சொர்க்கம் என்று எழுதியிருப்பார். இன்னொருத்தர் பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்டார் என்று அதே கம்பெனியை நாசமாகப் போகச் சொல்லியிருப்பார். நான் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவேன். பணிப்பெண்ணின் சிரிப்புக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. ஒரு கம்பெனிக்கு அதில் ஏழரை கொடுத்திருந்தேன். (அந்த அரை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கே தெரியாது.) விக்கிரவாண்டியிலிருந்து வந்த ஐந்தடி உயர மனிதரிடம், "அந்தக் கம்பெனியில் முட்டி இடிக்கும்" என்று எச்சரித்து, வேறு கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிய புண்ணியமும் எனக்கு உண்டு.

இந்த நிலையில்தான் தங்கச்சி கவிதாவுக்கு வளைகாப்பு வந்தது. அவள் இருந்தது பூனாவில். மாப்பிள்ளைக்கு அங்கே கார் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை வீடு விழுப்புரம். சம்பந்தி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் ஜங்ஷனில் எத்தனை ரயில் நிற்கும் என்று சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் எத்தனை நிற்கும் என்று கேட்டுச் சிரிக்கிற ரகம். அவர் வீட்டு மூத்த மருமகளுக்கு வளைகாப்புச் சீர் பதினைந்து தட்டு வந்ததாம். அதைக் காதில் வாங்கிய என் அம்மா, யாரையும் கேட்காமல் போனில், "எங்க பொண்ணுக்கு இருபத்தொண்ணு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு குறைந்தால் கவிதா காலம் பூரா அந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சம்பந்தி என்னைக் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார். "தம்பி, நாங்க சோறு போடுற பிளேன்ல போறோம். அதுல லக்கேஜும் பத்து கிலோ கூட உடுறான். நீங்களும் அதுலயே வந்துடுங்களேன், சேந்தாப்ல போயிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. விமானத்தைப் பற்றி எனக்கே யோசனையா? என் சார்ட்டின்படி சோறு போடாத கம்பெனிதான் மொத்த மதிப்பெண்ணில் கால் மார்க் முன்னால் இருந்தது. "இல்லைங்க, அதுல நேரம் தவறாமை கம்மி" என்று சொல்லிவிட்டு, அம்மா, நான், தாய்மாமா மூன்று பேருக்கும் சோறு போடாத விமானத்தில் டிக்கெட் போட்டேன். ஆளுக்குப் பதினைந்து கிலோ, மூன்று பெட்டி, பெட்டிக்கு ஏழு தட்டுச் சாமான். கணக்கு கச்சிதம். அதே விமானத்தில் கிளியனூர் ஏழுமலை அண்ணனுக்கும் போட்டேன். பூனாவில் வேலை செய்யும் மகனைப் பார்க்க முதல் தடவையாகப் போகிறார். துணையாக இருக்கும் என்று எங்கள் வேனிலேயே கூட்டிக்கொண்டோம்.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம். சுற்றுப்பட்டு விவசாயிகள் மூட்டை கொண்டுவந்து அவரிடம்தான் போடுவார்கள். ஏழுமலை அண்ணனும் அப்படித்தான், இருபது வருடமாக. மண்டியில் ஒரு எலக்ட்ரானிக் தராசு உண்டு. சிவப்பு எழுத்தில் எண் ஓடும். கிளம்புகிற அன்று காலையில் எங்கள் மூன்று பெட்டியையும் அதில்தான் எடை போட்டோம். மூன்றும் பதினைந்து. ஒரு கிராம் கூட இல்லை, குறைய இல்லை. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். ஏழுமலை அண்ணன் மகனுக்காகக் கட்டி வைத்திருந்த மல்லாட்டைப் பையைத் தூக்கி வைத்தார். ஐந்து.

"அஞ்சா? தோள்ல தூக்கினு வர சொல்ல இன்னும் கொஞ்சம் கனமா தெரிஞ்சுதே மொதலாளி" என்றார் ஏழுமலை அண்ணன்.

"உன் தோள் பொய் சொல்லும். மெஷின் பொய் சொல்லுமாப்பா?" என்றார் மாமா. முப்பது வருடமாக எல்லோருக்கும் அவர் சொல்கிற அதே பதில். அண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் நான் வழிகாட்டி ஆகிவிட்டேன். பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்தவன் மாதிரி, "இப்படி வாங்க, அப்படி வாங்க" என்று கையை வீசி நடந்தேன். (முதலில் கூட்டிப்போனது கழிவறைக்கு. வழி தவறித்தான்.) ஒருவழியாக எங்கள் கவுண்டரைக் கண்டுபிடித்தோம். இரண்டு கவுண்டர் தள்ளி, சோறு போடும் கம்பெனியின் வரிசையில் சம்பந்தி குடும்பத்தோடு நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

முதல் பெட்டியை வைத்தேன். பதினேழு புள்ளி ஒன்று.

"சார், ரெண்டு கிலோ அதிகமா இருக்கு" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அடுத்த பெட்டி. பதினேழு புள்ளி ஒன்று. அதற்கடுத்ததும் அதே பதினேழு புள்ளி ஒன்று. மொத்தத்தில் ஆறு கிலோவுக்கு மேலே அதிகம். கிலோவுக்கு இவ்வளவு என்று அந்தப் பெண் சொன்ன தொகையைக் கேட்டதும் நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவிடம் பணம் இருந்தது. ஆனால் அவர் எடுக்கவில்லை.

"உங்க மெஷின்ல கோளாறும்மா. காலைலதான் எங்க மண்டியில போட்டோம். டாண்ணு பதினஞ்சு."

"சார், இது கரெக்டாத்தான் காட்டும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் மாமா. (மூட்டை போட வருகிறவர்கள் அவரிடம் சொல்ல வேண்டிய வசனம்.) சொல்லிவிட்டு ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு நேராகச் சம்பந்தி நின்ற வரிசைக்குப் போனார். "தள்ளிக்கோங்க சம்பந்தி, ஒரு நிமிஷம்" என்று அந்தக் கம்பெனியின் தராசில் தூக்கி வைத்தார்.

பதினேழு புள்ளி ஒன்று.

என் சார்ட்டில் பத்துக் கட்டத்திலும் அந்த இரண்டு கம்பெனிக்கும் பொருத்தமே கிடையாது. சாப்பாட்டில் சண்டை, சிரிப்பில் சண்டை, ஜன்னலில் சண்டை. இரண்டும் ஒற்றுமையாக ஒரே விஷயத்தைச் சொன்னது அன்றைக்குத்தான், அதுவும் எங்கள் மாமாவுக்கு எதிராக. சம்பந்தி எட்டிப் பார்த்து, "இன்னா சம்பந்தி, ரெண்டு மெஷினும் ரிப்பேரா?" என்று கேட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் பத்து நிமிஷத்துல கவுண்டர் மூடிடுவோம் சார்" என்றாள் எங்கள் கவுண்டர் பெண்.

அம்மா யோசிக்கவே இல்லை. பளபளவென்று இருந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பெட்டியைத் திறந்துவிட்டாள். அதிரச வாசனை அந்த வட்டாரம் பூராவும் பரவியது. கோட்டு போட்ட ஒருத்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தார்.

"ஆறு கிலோ எடுக்கணும்னா அதிரசம், முறுக்கு, லட்டு மூணு தட்டும் போயிடும். பதினெட்டு. ரெட்டைப்படைல சீர் வெப்பாங்களா? இன்னொண்ணும் எடுத்தா பதினேழு. டேய், உன் சார்ட்டைக் கொளுத்த! அந்த மனுஷன் அப்பவே சொன்னாரே, பத்து கிலோ கூட உடுறான்னு. நாலு வார்த்த இங்கிலீசு படிச்சிட்டு எல்லாரையும் பேஜாரு பண்ணிக்கினு இருக்கியேடா!"

எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. கவிதா முகம்தான் கண்ணில் நின்றது.

"மாமா, பணத்தைக் கட்டிடலாம் மாமா, அப்புறம் நான் தந்துடறேன்" என்றேன்.

"கட்டினா இன்னா அர்த்தம்? இந்த மெஷின் சரின்னு நாமளே ஒத்துக்கினதா ஆவாது?" என்று அடிக்குரலில் சீறினார் மாமா. சொல்லும்போது அவர் கண் ஒரு விநாடி ஏழுமலை அண்ணன் பக்கம் போய்வந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. (மண்டித் தராசு கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. நானும்தான். அன்று காலையில் அது யாருக்கும் ஞாபகமே வரவில்லை.)

ஏழுமலை அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கவுண்டரில் அவர் முறை வந்தது. தன் மல்லாட்டைப் பையை மெதுவாகத் தராசில் வைத்தார். ஐந்து புள்ளி ஏழு. அவர் அதைப் பார்த்தார். பிறகு எங்கள் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். இருபது வருடக் கணக்கு என்பதால் கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் கவுண்டர் பெண்ணுக்கு அம்மாவைப் பார்த்து மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "உங்ககூட வந்தவங்க யாராவது கம்மியா லக்கேஜ் கொண்டு வந்திருந்தா சேர்த்துக்கலாம் சார். ஆனா அவங்க சம்மதிக்கணும்" என்றாள்.

ஏழுமலை அண்ணனுக்கு இன்னும் ஒன்பது கிலோ பாக்கி இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினோம்.

"இன்னாண்ணா, கொஞ்சம் மனசு வையுங்கண்ணா" என்றேன்.

"நம்ம வூட்டுப் பொண்ணு விசேஷம், மாட்டேன்னு சொல்வனா தம்பி? தாராளமா வெச்சிக்கட்டும்" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் தொடர்ந்தார். "ஆனா மொதலாளி ஒரே ஒரு வார்த்தை சொல்லிடட்டும். இந்த மெஷினு சரியா, தப்பா?"

மாமாவின் நெற்றியில், அந்த ஏசிக் குளிரிலும், வியர்வை துளிர்த்தது. தப்பு என்றால் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார், சீர் பதினேழாகிவிடும். சரி என்றால் முப்பது வருட மண்டி என்னாவது?

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? ஜல்தி, நேரமாவுதுல்ல?"

"அதான் நானும் சொல்றேன். நேரமாவுது."

அம்மா தரையில் இருந்தபடியே கத்தினாள். "ண்ணா, சொல்லித் தொலையேன்! பொண்ணு மானம் போவுது!"

மாமா தொண்டையைக் கனைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிதான்" என்றார்.

"காதுல விழல மொதலாளி."

"மெஷினு சரிதான்யா!"

போட்ட சத்தத்தில் அந்த வரிசையே நின்று பார்த்தது. கவுண்டர் பெண் ஒன்றும் புரியாமல், "தேங்க் யூ சார்" என்றாள். ஏழுமலை அண்ணன் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, அம்மா எடுத்துக் கொடுத்த அதிரசத்தையும் முறுக்கையும் லட்டையும் தன் பெயரில் ஏற்றி அனுப்பினார்.

விமானத்தில் எங்களுக்குச் சோறு போடவில்லை. கால் நீட்ட இடம் எப்படி, ஜன்னல் சுத்தமா, சிரிப்பு ஏழரை தேறுமா, எதையும் நான் கவனிக்கவில்லை. மூன்று வருடம் படித்ததை நேரில் பார்க்கக் கிடைத்த ஒன்றரை மணி நேரமும் முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏழுமலை அண்ணன் சட்டைப் பையிலிருந்து வறுத்த மல்லாட்டையை எடுத்து, முதல் கையளவை மாமாவிடம்தான் நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார்:

"நான் மறந்தே பூட்டேன் மாப்ள. முப்பது வருஷமா அதுலயே போட்டுப் போட்டு, அதான் கிலோன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

நானும் அப்படித்தானே, சுவரில் ஒட்டிய பத்துக் கட்டத்தைத்தான் விமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா கையிலிருந்த மல்லாட்டையில் பாதியை வாங்கித் தின்றேன்.

பூனாவில் இருபத்தொரு தட்டும் வரிசையாக நின்றன. சம்பந்தி எண்ணிப் பார்த்ததை நான் பார்த்தேன். சோறு போடும் விமானத்தில் என்ன போட்டார்கள் என்று விசாரித்தேன். "மூணு ஸ்பூன் உப்புமா தம்பி, ஆறிப்போயி" என்றபடி எங்கள் அதிரசத்தில் மூன்றாவதை எடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய வாரமே சார்ட்டைக் கிழித்துப் போட்டேன். மாமா என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சும்மா இருந்தாலும் கிளியனூர் சும்மா இருக்கவில்லை. மண்டிக்கு வந்த ஒவ்வொருத்தரும் மூட்டையை இறக்குவதற்கு முன்னால், "மொதலாளி, இது மண்டி கிலோவா, ஏர்போர்ட்டு கிலோவா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பத்தாவது நாள் புதுத் தராசு வந்தது. (பழையதை எடைக்குத்தான் போட்டார். காயலான் கடைக்காரன் தராசில் அது எவ்வளவு நின்றது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.)

கவிதாவுக்குத் திண்டிவனத்தில்தான் பிரசவம். ஆண் குழந்தை. நர்ஸ் வெளியே வந்து, "மூணு கிலோ நூறு" என்றார். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி மாமா பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள், மல்லாட்டைப் பையோடு குழந்தையைப் பார்க்க வந்திருந்த ஏழுமலை அண்ணனும் மாமாவைப் பார்த்துவிட்டார். மாமா இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, நர்ஸிடம் அவரே பவ்யமாகக் கேட்டார்:

"ஏர்போர்ட்டு கிலோதானேம்மா?"