ஃப்ரீசரில் வைத்த புடலை விதை

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் அன்புத் தங்கை சங்கரிக்கு அண்ணன் சிவசங்கரன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மாதுரியும் சௌக்கியம். பாலக்காட்டில் புது வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கப் பழனியாண்டவர் துணை. எனக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. வாரத்தில் நாலு நாள் பாகற்காய் போட்டால் சர்க்கரை என்ன, ஆளே குறைந்துவிடுவான்.

நிற்க. நேற்று நீ போனில், "மழைக்கு முன்னாடி வர்றேண்ணா, புடலை வெதைய எடுத்து வை" என்றபோது நான் "சரிம்மா" என்று வைத்துவிட்டேனே, வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இந்தக் கடிதம். வேறு யாரிடமும் இல்லாத விதை, வீடு கட்டி முடியும்வரை பத்திரம் என்று நீ என்னை நம்பிக் கொடுத்தாய். நானும் நன்றாகக் காயவைத்து, சாம்பலில் புரட்டிப் பொட்டலம் கட்டி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, அயிலை மீனுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். நேற்றுத் தேடினால் டப்பாவையே காணோம். மாதுரியைக் கேட்டால், பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள் மீனை எல்லாம் காலி செய்து ஃப்ரீசரை மேலோட்டமாகத் துடைத்தாளாம், பொட்டலத்தில் சாம்பலைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். "சாமி விபூதிய மீன் பக்கத்துல வெக்கற மனுஷன் உண்டா?" என்று என்மேலேயே பாய்கிறாள். உள்ளே விதை இருந்ததே என்றால், "ஏதோ விசேஷப் பிரசாதம்னு நெனச்சேன்" என்கிறாள். பூஜைக்கு வந்த எட்டு வீட்டாருக்கும் ஆளுக்கு ஒரு சிட்டிகை, ஒரு விதை என்று கொடுத்துத் தீர்த்துவிட்டாள்! எனக்குச் சோறு இறங்கவில்லை சங்கரி.

இன்று காலை பக்கத்து வீட்டு பீட்டர், தோப்பும்படியில் மீன் ஏலம் எடுப்பவர், மாடியிலிருந்து கூப்பிட்டார். "சேட்டா, ஒண்ணு ஏறி வரூ! உங்க சாமி தந்த வித்து கொடி வீசியாச்சு, பந்தல் கெட்டணும்!" ஓடினேன். மீன் ஐஸ் பெட்டியில் மண் போட்டு, அதில் பச்சைப் பசேலென்று கொடி! மற்ற ஏழு வீட்டுக்கும் ஓடினேன். எட்டும் பிழைத்திருக்கிறது! பெயின்ட் வாளியில் ஒன்று, உடைந்த வாஷ்பேசினில் ஒன்று. பிரசாதம் கொடுத்த வீட்டுக்குத்தான் முதல் காய் என்று எட்டு வீட்டிலும் சத்தியம் செய்கிறார்கள். சந்தோஷத்தில் நான் அழுதே விட்டேன். ஒரு விதைக்கு நூறாக நீ வாங்கிக்கொண்டு போகலாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உன் வீடும் தோட்டமும் நிறைந்து வாழ்க.

உன் அண்ணன்,
சிவசங்கரன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கரண்ட் போய், ஃப்ரீசரின் பின்சுவர் ஐஸ் உருகி, உள்ளே உறைந்து கிடந்த ஐஸ்கிரீம் டப்பா கழன்று விழுந்தது. உன் பொட்டலம் கட்டுப் பிரியாமல் இருக்கிறது. எட்டு வீட்டில் முளைத்திருப்பது எது என்றும் ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம் மாதுரி எடுத்து வைத்த பாகற்காய் விதையை, இனி நடவே கூடாது என்று சாம்பலில் மறைத்து, குளிரில் சாகட்டும் என்று ஃப்ரீசரில் போட்டவன் நான்தான். நீ வர வேண்டாம். புடலை விதையோடு நானே புறப்பட்டு வருகிறேன். எட்டுக் கொடியும் காய்த்து ஓயும்வரை உன் வீட்டில் ஓர் அறை இருக்குமா?