மாமா கடை ஷோகேஸில் ஒரே ஒரு மஞ்சள் சட்டை

என்றும் அன்பு மாறாத மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், நான் மிக நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து தாங்கள் கறுப்புக் கண்ணாடியோடு ஓய்வெடுப்பதாக அத்தை சொன்னார்கள். இந்தக் கடிதத்தை அத்தையே உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். வாசிக்கும்போது தாங்கள் படுத்திருப்பது நல்லது.

தாங்கள் புறப்படும்போது “கடையைப் பார்த்துக்கோ” என்று சாவியைக் கொடுத்தீர்கள். அதை நான் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டேன். என் கடைக் காட்சி வடிவமைப்புப் படிப்பில் இந்த வருடக் கடைசிப் பரீட்சை, நிஜமான ஒரு கடையில் ஷோகேஸ் செய்து காட்டுவது. இதில் கோட்டை விட்டால் அப்பா என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தி, சித்தப்பா ஆபீஸில் ஃபைல் அடுக்க அனுப்பிவிடுவார். “பொம்மைக்குச் சட்டை மாட்ட ஒரு படிப்பா?” என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் கேட்கிறார். எனக்கு வேற வழி தெரியல மாமா, உங்க ஷோகேஸைக் காலி பண்ணிட்டேன்.

கோபப்படாதீங்க, கண்ணுக்கு ஆகாது. அதுல என்னென்ன இருந்துச்சுன்னு உங்களுக்கே மறந்திருக்கும். இருபத்திரண்டு சட்டை, விசிறி மாதிரி மடிச்ச துண்டு, மூணு போர்வை, பெரியவங்க ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு நிக்கிற குழந்தை பொம்மை, ஒத்தைக் கை பொம்மை, அதோட இன்னொரு கை தனியா. பார்க்கிறவங்க கண்ணு உட்கார ஒரு இடம் வேணும்னு எங்க டீச்சர் சொல்லுவாங்க. உங்க ஷோகேஸ்ல கண்ணு நிக்கக்கூட இடம் இல்ல. எல்லாத்தையும் உள்ளே அடுக்கிட்டு, வெள்ளைச் சுவர், ஒரு மர நாற்காலி, அதுமேல சும்மா கழட்டிப் போட்ட மாதிரி ஒரே ஒரு மஞ்சள் சட்டை, ஒரே ஒரு லைட். அந்தச் ‘சும்மா கழட்டிப் போட்ட மாதிரி’ வர்றதுக்கு நாலு மணி நேரமும் பதினெட்டு குண்டூசியும் ஆச்சு. தெருவுல இறங்கி நின்னு பார்த்தேன். சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மறுநாள் ஷட்டரைத் தூக்கினா வாசல்ல கூட்டம். ஒருத்தர் கண்ணாடி முன்னாடி நின்னு தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஒரு சட்டைக்கு இவ்வளவு உணர்ச்சியான்னு நானே ஆடிப்போயிட்டேன். உள்ள வந்து ஆளாளுக்கு அள்ளுறாங்க மாமா. பத்து வருஷமா போகாத பச்சைப் போர்வை போயிடுச்சு, அந்த ஸ்வெட்டரும் போயிடுச்சு. “மாமா எவ்வளவு நல்ல மனுஷன்”னு சொல்லிச் சொல்லி வாங்கினாங்க. பில் போடுற அக்காவுக்குக் கை வீங்காத குறை. நான் படிச்ச படிப்போட பலம் இதுதான் மாமா. நாளைக்குப் பரீட்சை, டீச்சர் வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. நீங்க பத்து நாள் கழிச்சு மெதுவா வந்தா போதும்.

அத்தைக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கோங்க. அங்கிருந்தே என்னை ஆசீர்வாதம் பண்ணுங்க.

இப்படிக்கு,
நாளைக்குப் பாஸாகப் போகும் உங்க அக்கா மகள்

பின்குறிப்பு: தபால்ல போடுறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடுச்சு. நான் ஷோகேஸைக் காலி பண்ணதைப் பார்த்துட்டு, நீங்க கடையை மூடிட்டு ஊரை விட்டே போறீங்கன்னு பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரர் தெரு முழுக்கச் சொல்லியிருக்கார். வந்தவங்க எல்லாரும் உங்க ஞாபகமா ஏதாவது வாங்கிக்க வந்தவங்க. என் சட்டையை ஒருத்தரும் பார்க்கல. இன்னைக்குக் காலையில ஒரு பெரியவர் கேட்டாருன்னு பில் போடுற அக்கா அதையும் வித்துட்டாங்க, நாற்காலியோட. அடுத்த அஞ்சாவது நிமிஷம் டீச்சர் வந்து நிக்கிறாங்க. ஷோகேஸுக்குள்ள சுவரும் லைட்டும்தான் இருக்கு. சித்தப்பா ஆபீஸுக்கு எந்த பஸ்னு நான் யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். டீச்சர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, “எதையுமே வைக்காம விடுற தைரியம் இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல”ன்னு வகுப்புலயே முதல் மார்க் போட்டுட்டாங்க. நான் வாயைத் திறக்கல. நீங்களும் திறக்காதீங்க, ஆனா உடனே கிளம்பி வாங்க, உங்களைப் பார்த்தாதான் தெரு நம்பும். அப்பாவும் மார்க்கைப் பார்த்துட்டு, நிறுத்த வேண்டாம், படிப்பை முழுசா முடின்னுட்டார். அப்புறம் கடைக்கு வந்து அந்த ஷோகேஸையே கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, “இதுக்குப் பொம்மைக்குச் சட்டை மாட்டுறதே தேவலை”ன்னு சொல்லிட்டுப் போனார்.