சாயம் போகாத சாம்பல்

கூச்ச சுபாவம் உள்ளவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். என் கூச்சம் ஒருமுறை எங்கள் மாதா கோயில் பங்கு மக்கள் அத்தனை பேரையும் வெளியே தலைகாட்ட விடாமல் செய்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சாயப்பட்டறையில் வேலை. (ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம்.) தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சிலுவையாகப் பூசும் சாம்பலைத் தயார் செய்யும் பொறுப்பைப் பங்குச் சாமியார் என்னிடம் கொடுத்தார். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை எல்லாரும் வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். அதை வீடு வீடாக வாங்கி, எரித்து, சலித்துக் கொடுக்க வேண்டும்.

வீடு வீடாக! கதவைத் தட்டி எப்படிக் கேட்பது? எங்கள் வீட்டு ஓலை, அத்தை வீட்டு ஓலை இரண்டை மட்டும் எரித்தேன். ஒரு கரண்டி சாம்பல் தேறியது. அடுப்புச் சாம்பலைக் கலந்தேன். வெளுத்துப்போனது. (திருத்தணியில் வெள்ளை நெற்றிக்கா பஞ்சம்? மலையிலிருந்து இறங்குகிற எல்லார் நெற்றியிலும் விபூதிதான். எங்களுக்குக் கறுப்பு வேண்டாமா?) பட்டறையிலிருந்து கறுப்புச் சாயப்பொடி ஒரு பிடி எடுத்துவந்து போட்டேன். அருமையான கறுப்பு!

திருநீற்றுப் புதன் பூசைக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து ஸ்டெல்லாவும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள், என்னை மாப்பிள்ளை பார்க்க. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகப் பேச்சு. சாமியார் சாம்பலில் தீர்த்தம் தெளித்தார். சாயத்துக்கு வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை பளிச்சென்று பதிந்தது.

ஞாயிறன்று பார்த்தால் ஒருவருக்கும் அழியவில்லை. சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்ததில் நெற்றிதான் சிவந்திருந்தது. ஸ்டெல்லாவின் அப்பா நேராகச் சாமியாரிடம் போனார்.

"இன்னா சாமி இது? பஸ்ல ஏறுனா எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துகினு வரானுங்க. நாலு நாளா தலையில துண்டு போட்டுகினு திரியறேன். யார் செஞ்ச வேலை?"

சாமியார் தன் கறுத்த கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றேன். "ஓலை பத்தல. வீடு வீடாப் போய்க் கேக்க வெக்கமா இருந்துச்சு. சாயம் கலந்துட்டேன்."

"இவனுக்கா பொண்ணு குடுக்கறது? வாம்மா, போலாம்!"

ஸ்டெல்லா நகரவில்லை. முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டே என்னிடம், "நாலு கதவைத் தட்ட வெக்கம். ஊர் நெத்தியெல்லாம் கறுப்படிக்க மட்டும் வெக்கமில்லையாங்க?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. முந்தானை நழுவியது. நடு நெற்றியில் என் கைவேலை.

"பொய் சொல்லாம ஒத்துகினாரு இல்ல நைனா? விடு," என்றாள்.

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். (நல்லவேளை, போட்டோவுக்கு முன்னால் அழிந்துவிட்டது.)

மாமனார்தான் இன்னும் நம்பவில்லை. ஒவ்வொரு திருநீற்றுப் புதனும் வரிசையில் எனக்குப் பின்னால்தான் நிற்பார். சாமியார் என் நெற்றியில் பூசியதும், எச்சில் தொட்ட விரலால் ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பார். பின்னால் மொத்த வரிசையும் காத்திருக்கும். கறுப்பு அழிந்து விரலோடு வந்தால்தான், "ஆங், இப்பப் போடுங்க சாமி," என்று தன் நெற்றியை நீட்டுவார்.