சோழமண்டலக் கடலில் மாமாவின் பாறை

சான் மாலோ துறைமுகத்தில் குன்றாத உடல்நலத்தோடும் குறையாத கோபத்தோடும் இருக்கும் மாலுமி மாத்யூரேன் மாமா அவர்களுக்கு, பாரிஸிலிருந்து மருமகள் பெரின் பணிவோடு எழுதுவது. (பணிவு இந்த வரியோடு தீர்ந்தது.)

இங்கு அப்பா நலம், அவர் கடல் வரைபடம் செதுக்கும் செப்புத் தகடுகளும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. புதுச்சேரிக்கு எதிரே கடலில் வட்டமாக ஒரு பாறைத்திட்டை அப்பா வரைபடத்தில் செதுக்கி அச்சிட்டுவிட்டாராம், அதைப் பார்த்த கப்பல் முதலாளி, "அந்த வழியாத்தானே வந்த, இவ்ளோ பெரிய பாறை உன் கண்ணுல படலையா? இனிமே உனக்குக் கப்பல் கிடையாது, போய்யா" என்று துரத்திவிட்டாராம். கவலையை விடுங்கள், வழக்கை நான் எடுத்துக்கொண்டேன். கப்பலில் நீங்கள் வரைந்து அனுப்பிய மூலப்படத்தை முகர்ந்து பார்த்தேன், மாமா, பாறையில் ஆப்பிள் மது வாசனை! போன தடவை எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன உங்கள் தகரக் கோப்பையை அந்த வட்டத்தின் மேல் வைத்தேன், அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அப்பாவிடம் ஓடினால், உளியைக் கீழே வைக்காமலே சொல்கிறார்:

"படத்துல இருக்கறத செதுக்கறவன் நான். எது கறை, எது கரைன்னு பாக்க எனக்குக் கூலி இல்லடி."

"வாசனை கூடவா தெரியல?"

"உங்க மாமன் அனுப்புற எல்லாப் படமும் அந்த வாசனைதான்."

பாறையை எடுக்காவிட்டால், படத்தின் ஓரத்தில் நீந்தும் திமிங்கலத்துக்கு அவருடைய மீசையைச் செதுக்கிவிடுவேன் என்றேன். பயந்துவிட்டார். பாறையை அழிக்க, தகட்டைத் திருப்பிப்போட்டுப் பின்னாலிருந்து தட்டிச் சமன் செய்யச் சுத்தியலை எடுத்துவிட்டார். ஆகவே முதலாளியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள், அங்கே பாறையே கிடையாது என்று.

காற்று உங்கள் பின்னால் வரட்டும், அத்தையின் கோபம் அதற்கும் வெகு பின்னால் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வெற்றி வழக்கறிஞர்
பெரின்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். அப்பா சுத்தியலை ஓங்கும்போது கப்பல் தலைவர் ஒருவர் வரைபடம் வாங்க எங்கள் கடைக்குள் வந்தார். அச்சடித்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததும், "அட, இந்தப் பாறைதானா! இதுலதான்யா என் கப்பல் உரசிச்சு, மயிரிழையில தப்பிச்சேன்!" என்று ஊரே கேட்கக் கத்தி, படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா சுத்தியலை வைத்துவிட்டு உளியை எடுத்து, வட்டத்தின் மேல் 'மாத்யூரேன் பாறை' என்று செதுக்கிவிட்டார். முதலாளியிடம், அந்தப் பாறையைக் கண்டுபிடித்ததே நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள், கப்பல் நிச்சயம். கோப்பை என்னிடமே பத்திரமாக இருக்கட்டும். ஒன்று மட்டும், மாமா: அடுத்த படத்தின் மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிடாதீர்கள். அப்பா கண்டமே செதுக்கிவிடுவார்.