திருஷ்டிக்குப் போட்ட மிளகாய்

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. என் தோட்டத்து மிளகாவத்தலை ஒரு பாட்டில்ல அடைச்சு அக்கா கையில குடுக்கணும். அவ்வளவுதான்.

தோட்டம்னதும் ஏக்கர் கணக்குல நினைச்சுக்காதீங்க. ஸ்ரீரங்கத்துல எங்க அபார்ட்மென்ட் மொட்டைமாடியில, பழைய பெயின்ட் பக்கெட்ல வச்ச நாலஞ்சு செடி. நான் பேசின பேச்சுதான் ஏக்கர் கணக்கு.

மன்னார்புரம் பக்கம் ரோட்டோரமா நாத்து விக்கிறவர்கிட்ட வாங்கினது. "எதுக்கு சார் வேணும்?"னு கேட்டாரு. "வளர்க்கத்தான், வேற எதுக்கு?"ன்னு நக்கலா சிரிச்சேன். இருக்கறதுலயே தளதளன்னு இருந்ததா பாத்துப் பொறுக்கிட்டு வந்துட்டேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேக்கலை. நாமதான் எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே!

காய்ச்சுது பாருங்க! ஒவ்வொண்ணும் ஜாண் நீளம்! போட்டோ போட்டேனே, ஞாபகம் இருக்கா? "சூப்பர் சார், விவசாயி சார்"னு நீங்க எல்லாரும் எழுதினீங்களே. நடந்ததுல உங்களுக்கும் பங்கு இருக்கு.

எங்க அக்கா விஜயா லால்குடியில இருக்கா. வருஷா வருஷம் எங்க வீட்டுக்கு வேண்டிய மிளகாவத்தல் அவதான் கொண்டு வருவா. இந்த வருஷம் போன் பண்ணி, "இனிமே நீ சுமந்துட்டு வராத. நானே உனக்குத் தரேன்"னு சொல்லிட்டேன். "சரிடா"ன்னு சட்டுன்னு போனை வச்சுட்டா. சந்தோஷத்துல பேச்சு வரலை போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

பழுத்ததையெல்லாம் பறிச்சு, மொட்டைமாடியில என் நல்ல வேட்டியை விரிச்சுக் காயப் போட்டேன். சாயங்காலம் பனி இறங்கறதுக்குள்ள அள்ளிக்கிட்டு வரது, காலையில மறுபடி கொண்டு போய் உலர்த்தறது. பச்சைக் குழந்தையைக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டதில்லன்னு என் வீட்டுக்காரி சுதா சொன்னா. உண்மைதான்.

"வீட்ல மிளகா தீந்துபோச்சுங்க. இதுல ரெண்டு கிள்ளிப் போட்டுத் தாளிக்கட்டுமா?"ன்னா.

"தொடாத! அக்கா பாட்டில் நிறையணும்."

"அப்ப கடையில வாங்கவா?"

"விவசாயி வீட்ல கடை மிளகாயா?"

ஆக ஒரு வாரம் மிளகே போட்டு ரசம், மிளகே போட்டு சாம்பார். என் வத்தலை யாரும் ருசி பாக்கலை. நானும் பாக்கலை. எனக்குக் காரம் ஆகாது. ஆமாங்க, மிளகா விவசாயிக்குக் காரம் ஆகாது. சிரிச்சு முடிச்சுட்டீங்களா? மேல போவோம்.

கீழ் வீட்டு மாமி வடாம் எடுக்க மாடிக்கு வந்தாங்க. "அடேயப்பா! என்னமா காய்ச்சிருக்கு! ஒரு இடம் பாக்கியில்லாம தொங்கறதே!"ன்னு வாயில கை வச்சுட்டு நின்னாங்க.

மறுநாளே செடியில இலையெல்லாம் சுருண்டுபோச்சு. சனிக்கிழமை வத்தலை அள்ளிக்கிட்டு இறங்கறப்ப, படியில வழுக்கி உக்காந்துட்டேன். சுதா ஓடி வந்து, "வத்தல் கொட்டிடுச்சா?"ன்னு கேட்டா. என் இடுப்பைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் யாரும் விசாரிக்கலை.

ஞாயித்துக்கிழமை அக்கா வந்தா. கதையைக் கேட்டதும் பாட்டிலைக்கூட வாங்கலை.

"முதல்ல திருஷ்டி சுத்திப் போடணும்டா. மிளகா எடு."

வீட்ல வேற மிளகா ஏது? பாட்டிலைத் தொறந்தேன். அக்கா ஒரு கையளவு எடுத்து, கல் உப்போட சேத்து என்னை மூணு சுத்து சுத்தினா. அடுப்புல காய்ஞ்சுக்கிட்டு இருந்த இரும்புச் சட்டியில போட்டா.

நெடி வந்தா திருஷ்டி ஒண்ணும் இல்ல. வரலைன்னா இருக்கு. இது உங்களுக்கே தெரியும்.

மூணு பேரும் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னோம். உப்பு படபடன்னு வெடிச்சுது. வத்தல் கருகுச்சு. ஒரு தும்மல் இல்ல, ஒரு இருமல் இல்ல!

"அய்யய்யோ! இவ்வளவு திருஷ்டியா!"ன்னா அக்கா.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சு. ஊரே வயிறெரியற அளவுக்கு வளர்ந்துட்டோம் இல்ல?

மறுபடி ஒரு கை. நெடி இல்ல. செடிகளையும் சேத்துச் சுத்தணும்னு மாடிக்குப் போய்ட்டு வந்து இன்னொரு கை. ம்ஹூம். பாட்டில் பாதிக்கு இறங்கிடுச்சு. என் பெருமை ஏறிக்கிட்டே போச்சு.

"யாருடா பாத்தது?"

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "கீழ் வீட்டு மாமிதான்..."னு இழுத்தேன். அந்த நேரம் பாத்து மாமி வாசல்ல நிக்கறாங்க! புகையைப் பாத்து என்னமோ ஏதோன்னு வந்திருக்காங்க.

"நானா?"ன்னாங்க. மூஞ்சி செவந்துபோச்சு. "நன்னா இருக்குன்னுதானே சொன்னேன்! அது ஒரு குத்தமா? இத்தனை வருஷத்துல என் கண்ணால ஒரு துளசிச் செடி வாடினதுண்டா?"

கண்ணுல தண்ணி முட்டிடுச்சு அவங்களுக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நல்ல மனுஷி. ஊருக்குப் போறப்பல்லாம் எங்க வீட்டு சாவி அவங்ககிட்டதான் இருக்கும். சமாதானம் சொல்றதுக்குள்ள விறுவிறுன்னு கீழ போய்ட்டாங்க. கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்கன்னு நினைச்சா, ஒரு டப்பாவோட திரும்பி வந்தாங்க.

"இது எங்காத்து மிளகா. இதையும் சுத்திப் போடுங்கோ. என் கண்ணு பட்டிருந்தா இதுலயும் நெடி வரப்படாது. பாத்துடலாம்!"

அக்கா அதுல நாலே நாலு எடுத்து என்னைச் சுத்தி சட்டியில போட்டா.

அப்புறம் நடந்தது எதையும் நான் சரியாப் பாக்கலை. கண்ணைத் தொறக்க முடிஞ்சாத்தானே! சுதா பால்கனிக்கு ஓடினா. எதிர் வீட்ல தும்மல். மேல் வீட்ல இருமல். லிஃப்ட்ல இறங்கிக்கிட்டு இருந்த அசோசியேஷன் செக்ரட்டரி, கதவு தொறந்ததும் அப்படியே மறுபடி மூடிக்கிட்டாரு. நடுவுல மாமி மட்டும் அசையாம நின்னு, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, ஜெயிச்ச மாதிரி சிரிக்கறாங்க.

இருமி முடிச்ச அக்காவுக்கு என்ன தோணுச்சோ, என் பாட்டில்லேர்ந்து ஒரு வத்தலை எடுத்துக் கடிச்சா. மென்னா. நிதானமா இன்னொண்ணும் எடுத்துக்கிட்டா.

"டேய், இது பஜ்ஜி மிளகாடா!"

சுதா என்னைப் பாத்து, "ஒரு வாரம் மிளகு ரசம்"னா.

"மாமி, மன்னிச்சுக்குங்க"ன்னேன். மனசார சொன்னேன். "போறது விடுங்கோ"ன்னு, அவங்களும் ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கிட்டுப் போனாங்க.

அக்கா தன் பையிலேர்ந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து சுதாகிட்ட நீட்டினா. லால்குடி மிளகாவத்தல்.

"கொண்டு வராதன்னுதானே சொன்னேன்?"ன்னேன்.

"அதனாலதான் ரெண்டு மடங்கா கொண்டு வந்தேன்"னா.

இப்ப செடி துளிர்த்து மறுபடி காய்ச்சுத் தொங்குது. மாடிக்கு வரவங்க பாக்கறாங்க, சிரிக்கறாங்க, போறாங்க. ஒருத்தர் வாயிலேர்ந்தும் ஒரு "அடேயப்பா" வரலை.

திருஷ்டி சுத்தமா கழிஞ்சுடுச்சுங்க.