தட்டாம்பூச்சி செத்த வீடு

வீட்டில் கிரைண்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாலசந்திரன் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை இன்றைக்கே பார்த்துவிடுவது என்று பாலசந்திரன் முடிவெடுத்தபோது, காலைப் பாசஞ்சர் விக்கிரவாண்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு ஆள் மல்லாட்டைக் கடலை மூட்டைமேல் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மாளிகையைப் பார்க்கும் ஏழையைப் போல பாலசந்திரன் அந்தக் குறட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவருக்கு விழுப்புரம் ஜங்ஷனில், பார்சல் ஆபீசில் ராத்திரி டியூட்டி. பதினோரு வருஷமாக அதேதான். ஊர் பாயை விரிக்கும்போது அவர் செருப்பை மாட்டுவார். ஊர் பல் துலக்கும்போது அவர் பாயை விரிப்பார். கூட வேலை செய்கிற நடராசன் ராத்திரியெல்லாம் டீ குடித்து விழித்திருப்பான். பாலசந்திரன் நயினார் வீட்டுப் பிள்ளை, தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்தால் வாயில் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் படாது. நடராசன் டீயில் விழித்திருந்தான். இவர் தர்மத்தில் விழித்திருந்தார். டீக்குச் சூடு உண்டு.

அதனால் அவருக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பகலில் ஒரு நாலு மணி நேரத் தூக்கம். இடையில் அறுபடாத தூக்கம். அதுவும் பங்குனி மாதம் வரை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

பங்குனியில் மனைவி ரத்னமாலாவின் அண்ணன் சுமதிகுமார் வல்லத்திலிருந்து ஒரு கிரைண்டரோடு வந்து இறங்கினார். மல்லாட்டை நன்றாக விளைந்ததாம். தங்கச்சிக்குக் கோயமுத்தூர் கிரைண்டர். நாலு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். திண்டிவனத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஒரு கூடம், ஒரு அடுப்படி. பெரிய பிளக் இருந்தது கூடத்தில். ஃபேன் இருந்ததும் கூடத்தில். பாலசந்திரன் தூங்குவதும் கூடத்தில். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தவன் மேஸ்திரியா, விதியா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

தினம் காலை பத்து மணிக்கு அவருடைய தூக்கம் கிணற்றின் அடியைத் தொடும். அதே பத்து மணிக்குக் கிரைண்டர் கிளம்பும். கல் உருளுகிற சத்தம் தரை வழியாகப் பாய்க்கு வந்து, பாய் வழியாக முதுகுக்கு வந்து, முதுகு வழியாகப் பல்லுக்கு வரும். அரிசி அரைபடுகிறதா, தான் அரைபடுகிறோமா என்று சில நாள் அவருக்குக் குழம்பிப் போகும். இதுபோதாது என்று பக்கத்து வீட்டு அம்சா வேறு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். "அக்கா, ஒரு படிதான். உன்னுதுக்கப்புறம் என்னுதையும் போட்டுக்கினு போயிடறேன்."

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சும் அதிர்ந்தது. ஒருநாள் சமாதானமாகப் பேசிப் பார்த்தார்.

"ரத்னா, நான் டியூட்டிக்குப் போன பிறகு அரைச்சுக்கக் கூடாதா?"

"பொழுது சாஞ்ச பிறகா? நயினார் வீட்ல பொறந்துட்டு பேசற பேச்சா இது? இருட்டுல எறும்பு விழுந்தா எவன் கண்ணுக்குத் தெரியும்?"

"அப்ப சாயங்காலம் நாலு மணிக்கு?"

"நாலு மணிக்கு அரைச்சிக்கினு நின்னா, நீங்க அஞ்சு மணிக்கு எதைச் சாப்பிட்டுட்டுப் போவீங்க? என்னையா?"

"காலையில நான் வர்றதுக்கு முன்னால?"

"குழாயில தண்ணி வர்ற நேரங்க அது. கொடத்தைப் பார்ப்பனா, கல்லைப் பார்ப்பனா?"

நாள் முழுக்க இருபத்து நாலு மணி நேரம். அதில் கிரைண்டருக்கு ஒத்து வந்த ஒரே நேரம் அவருடைய நேரம்.

அன்றைக்கு விடியற்காலை டியூட்டி முடிந்து பிளாட்பாரத்துக்கு வந்தபோதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. முந்தின நாள் கோடைமழை. டியூப்லைட்டுக்குக் கீழே ஈசல் குவிந்து செத்துக் கிடந்தது. கூட்டுகிற அம்மாள் முறம் முறமாக வாரிக்கொண்டிருந்தாள். பாலசந்திரன் நின்று பார்த்தார். பாவமாக இருந்தது. பாவத்தோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது. எறும்பைச் சொல்லித்தானே ராத்திரியில் அரைக்க மாட்டேன் என்றாள்? அதே எறும்பைச் சொல்லிப் பகலிலும் நிறுத்திவிட்டால்?

வீட்டுக்கு வந்தவர் பாயை விரிக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"என்னா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள் ரத்னமாலா.

"மனசு சரியில்ல." ஒரு பெருமூச்சு. "ரத்னா, அந்தக் கல்லு சுத்தற வேகத்தைப் பார்த்தியா? ஒரு எறும்பு தவறி விழுந்துச்சுன்னு வையி. எடுக்க முடியுமா? கையால ஆட்டினா கை நின்னுடும். மிசினு நிக்குமா? மிசினுக்கு ஏது ஜீவகாருண்யம்?"

ரத்னமாலா தாடையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பாலசந்திரனுக்கு உற்சாகம் பிறந்தது. ஓரறிவு உயிரில் தொடங்கி ஐந்தறிவு வரை ஏறினார். பிளாட்பாரத்து ஈசலைச் சொன்னபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதி நடிப்பு. மீதி தூக்கமில்லாத கண்ணில் தானாகவே வந்த தண்ணீர்.

"நீங்க சொல்றது நியாயந்தாங்க," என்றாள் அவள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. அரை மணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். பூட்டாத கதவில் தோளால் மோதியவன் உள்ளே போய் விழுவது மாதிரி ஆகிவிட்டது.

"நாளைக்குச் சதுர்த்தசி," என்றாள். "விரதமாவே எடுத்துக்கலாம். நம்ம வீட்ல, கண்ணால பார்த்துக்கினு ஓட்டாத எந்த மிசினும் ஓடக் கூடாது. சரிதானே?"

"ரொம்பச் சரி."

"எது வரைக்கும்?"

இங்கேதான் பாலசந்திரன் பேராசைப்பட்டார். ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். ஆறு மாதத் தூக்கம் ஒரே சமயத்தில் கண்ணெதிரே வந்து நின்றது. "தீபாவளி வரைக்கும்," என்றார் கம்பீரமாக. "நம்ம தீர்த்தங்கர பகவான் மோட்சம் போன நாளு வரைக்கும்."

மறுநாள் இருவரும் கோயிலுக்குப் போய்க் கைகூப்பி அதையே சொல்லிவிட்டு வந்தார்கள்.

வந்ததும் பாயை விரித்தார். படுத்தார். கண்ணை மூடினார். கிரைண்டர் ஓடவில்லை. என்ன அமைதி. அந்த அமைதியில் முதுகில் ஒரு சொட்டு வேர்வை ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். ஃபேன் நின்றிருந்தது.

"கரண்ட் போச்சா?"

"இல்லங்க. விரதம்."

பாலசந்திரன் எழுந்து உட்கார்ந்தார். "விரதம் கிரைண்டருக்குத்தானே?"

"எந்த மிசினும்னு தானே சொன்னோம்?"

"ஃபேன் யாரைக் கொன்னுது?"

அவள் மாடத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தாள். உள்ளே ஒரு தட்டாம்பூச்சி. றெக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். "முந்தா நேத்து பெருக்கறப்ப ஃபேனுக்குக் கீழ கெடந்துது. நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க. எழுப்பினா திட்டுவீங்களேன்னு எடுத்து வெச்சேன்."

சாட்சி சொல்ல வந்த தட்டாம்பூச்சி ஒன்றும் பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லை.

"இது என்னாங்க?" அதே மாடத்திலிருந்து ஒரு கொசுவத்திச் சுருளும் வெளியே வந்தது.

"வாசனைக்கு," என்றார் பாலசந்திரன்.

"கொசுவுக்கு வாசனை புடிக்குதான்னு அதையே கேட்டுட்டேன்," என்று சொல்லிச் சுருளைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

அது சித்திரை மாதம். கத்திரி வெயில் ஓட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பாலசந்திரன் பனையோலை விசிறியால் விசிறினார். விசிறினால் தூக்கம் வரவில்லை. தூக்கம் வந்தால் விசிற முடியவில்லை. சரி, சத்தமாவது இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அப்போது மணி பத்து அடித்தது. கூடம் அதிர்ந்தது.

"ரத்னா! விரதம்?"

ரத்னமாலா கிரைண்டருக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் கல்லில் விழும்படி திருப்பி வைத்திருந்தாள். அரிசியை இரண்டு தடவை புடைத்து, உளுந்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டிருந்தாள். கண்ணைக் கல்லை விட்டு எடுக்காமலே சொன்னாள்: "அதான் பார்த்துக்கினே இருக்கனே."

பக்கத்தில் இன்னொரு முக்காலியில் அம்சா. "நீ ஒண்ணும் கவலைப்படாதண்ணே. நானும் பார்த்துக்கினு இருக்கேன். ஒரு எறும்பு இந்தப் பக்கம் வரட்டும், பார்க்கலாம்."

"பார்க்கிறது சரி. எதுக்குப் பேசிக்கினே இருக்கீங்க?"

"சும்மா பார்த்துக்கினு இருந்தா தூக்கம் வருதுங்களே," என்றாள் ரத்னமாலா. "நாங்க தூங்கிட்டா யாரு எறும்பைப் பார்க்கிறது?"

அன்று அவர்கள் எறும்புக்காக முகையூர் வரை உள்ள எல்லாக் குடும்பங்களின் கல்யாணம், கருமாதி, கோர்ட்டு கேசு அத்தனையையும் பேசி முடித்தார்கள்.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாம் நாள் பார்சல் ஆபீசில் திண்டிவனத்துக்குப் போகவேண்டிய ஒரு கூடை வெற்றிலையைப் பாலசந்திரன் மாயவரம் வண்டியில் ஏற்றிவிட்டார். ஏற்றியது அவருக்கே ஞாபகமில்லை. ஆபீசின் பெரிய அதிகாரி கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆனா மேலே எழுதி அனுப்ப வேண்டியதாப் போயிடும்யா" என்றார். வெளியே வந்ததும் நடராசன் தோளைத் தொட்டான்.

"என்னா நயினாரே, நின்னுக்கினே தூங்கறே? வூட்ல என்னா பேஜாரு?"

பாலசந்திரன் சொன்னார். நடராசன் கேட்டுவிட்டு டீ கிளாசைக் கீழே வைத்தான். சிரிப்பான் என்று பாலசந்திரன் எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வீட்டுக்காரி கால்ல விழுந்துடு," என்றான். "ஜல்தி விழு. வேலை போனா ரெண்டு பேரு கால்ல விழணும்."

மறுநாள் காலை பாலசந்திரன் நேராக அடுப்படிக்குப் போனார். உள்ளே நெருப்பாகக் கொதித்தது. ரத்னமாலா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேப்பைக் கூழைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ரத்னா, நான் தோத்துட்டேன். கிரைண்டர் ஓடட்டும். எப்ப வேணும்னாலும் ஓடட்டும். ஃபேனை மட்டும் போடு. வேலையே போயிடும் போல இருக்கு."

அவள் அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பதினோரு வருசமா ஆட்டுக்கல்லுல ஆட்டினேன். தோளு வீங்கி, ராத்திரியெல்லாம் ஒத்தடம் குடுத்துக்கினு கெடந்தேன். நீங்க விழுப்புரத்துல இருந்தீங்க. அந்தக் கல்லுல விழுந்த எறும்புக்காக ஒருநாளாவது அழுதீங்களா?"

பாலசந்திரன் அடுப்படி நிலையில் சாய்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"எங்கண்ணன் ஒரு மிசினு வாங்கிக் குடுத்த பிறகுதான் உங்களுக்கு எறும்பு மேல பிரியம் வந்துச்சு."

"தப்புதான்."

"இந்த அடுப்படியில எந்த ஃபேன் ஓடுது, சொல்லுங்க?"

"தப்புதான்னு சொல்றேனே. ஒரு வழி சொல்லு."

ரத்னமாலாவின் முகம் கொஞ்சம் இளகியது. அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தாள். "விரதத்தை உடைக்க முடியாது. தீபாவளி வரைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. ஆனா வழி இருக்கு. கிரைண்டருக்கு என்னா முறையோ, அதே முறை. பார்த்துக்கினு இருந்தா ஓடலாம்."

"அப்ப நீ பாரேன். கூடத்துலதானே உட்கார்ந்திருக்க. ரெண்டையும் பார்த்துக்கோ."

"கல்லு கீழ சுத்துது. ஃபேனு மேல சுத்துது. எனக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கந்தாங்க பார்க்கும்."

"அம்சா சும்மாதானே இருக்கா?"

"நீங்க துண்டைக் கட்டிக்கினு மல்லாந்து தூங்குவீங்க, அவ உங்க தலைக்கு மேலயே பார்த்துக்கினு உட்கார்ந்திருப்பாளா? தெரு என்னா பேசும்?"

பாலசந்திரன் யோசித்தார். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஜோடிக் கண்தான். எரிகிற கண், மணல் கொட்டின கண், பங்குனியிலிருந்து மூடக் காத்திருக்கிற கண்.

பாயை விரித்தார். மல்லாந்தார். ரத்னமாலா சுவிட்சைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழேயே முக்காலியை இழுத்துப்போட்டுக் கிரைண்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கல் உருண்டது. ஃபேன் சுற்றியது. ஐந்து நாளைக்குப் பிறகு காற்று வந்து நெஞ்சில் விழுந்தது. குளுகுளுவென்று இருந்தது. பூச்சி ஒன்றும் வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார், ஒன்றும் இல்லை. மறுபடி ஃபேனைப் பார்த்தார். மூன்று இறக்கையும் ஒன்றாகி வட்டமாகி மங்கலாகி வந்தது. கிரைண்டர் சத்தம்கூட எங்கோ மயிலம் தாண்டிப் போகிற வண்டி மாதிரி தூரமாகக் கேட்டது. இமை தானாகவே இறங்கியது. லேசாக ஒரு குறட்டையும் கிளம்பியது.

தலைமாட்டுச் சுவரில் 'டக்' என்று ஒரு சத்தம்.

காற்று மெல்ல மெல்ல நின்றது. ரத்னமாலா, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே, ரொம்பப் பரிவாகச் சொன்னாள்:

"தூக்கம் வந்துடுச்சாங்க? தூங்குங்க, தூங்குங்க. நான் ஃபேனை நிறுத்திட்டேன்."