சின்ன எழுத்து எங்கே போச்சு?

செத்தாலும் சரி, நிஜத்தை மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று கஸ்பார் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தீர்மானம் பண்ணிக்கொண்டான். நிஜம் என்னவென்றால், அவனுக்கு டைப் அடிக்கத் தெரியாது. பொய் என்னவென்றால், அவன் டைப்பிஸ்ட்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் திருவொற்றியூருக்குப் பொண்ணு பார்க்கப் போனபோது, அவன் மாமா ஜேக்கப் காபி டம்ளரைக் கீழே வைக்காமலேயே, "பையன் கப்பல் கம்பெனில டைப்பிஸ்ட்டு" என்று ஒரு போடு போட்டார். பையன் மறுக்கவில்லை. எதிரே ஃப்ளோரன்ஸ் நின்றிருந்தாள். அந்த நிமிஷத்தில், கப்பலே என்னுதுதான் என்றுகூட அவன் சொல்லியிருப்பான்.

பையன் உண்மையில் டேலி கிளார்க். துறைமுகத்தில் வெயிலில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு போடுவான். நாலு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பான். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் விரலைச் சொடுக்கிக்கொண்டு, "இன்னிக்கு நாப்பது லெட்டரு ஃப்ளோரா, வெரலே தேஞ்சி போச்சி" என்பான். அவள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விரல் விரலாகத் தடவி விடுவாள். அதை நினைத்தால் கஸ்பாருக்கு இப்போதும் கூசும். கூசினாலும் விரலை நீட்டத்தான் செய்வான்.

அன்றைக்கு அரைநாள் வேலை முடிந்து வந்தால், மேசைமேல் கோயில் ஃபாதரின் டைப்ரைட்டர். பக்கத்தில் ஃபாதர் கையால் எழுதிய இங்கிலீஷ் மனு. தெருவில் ஐம்பத்தேழு குடும்பம், ஒரே குழாய். அதிலும் மூணு மாசமாகக் காற்றுதான் வருகிறது. இன்னொரு குழாய் போடச் சொல்லி கார்ப்பரேஷனுக்கு எழுதியிருந்தார். நாலு மணிக்கு என்ஜினீயரைப் பார்க்கப் போகிறாராம், ஓரத்தில் குறித்திருந்தார். மெஷினில் சொருகியிருந்த காகிதத்தில் தலைப்பு மட்டும் பெரிய எழுத்தில், நட்டநடுவில், அழகாக இருந்தது. ஃபாதரே ஆரம்பித்துவைத்துவிட்டு மிச்சத்தை நம் தலையில் கட்டிவிட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"இன்னாங்க, அது வந்து..." என்று சமையல்கட்டிலிருந்து வந்தாள் ஃப்ளோரன்ஸ்.

"தெரியும். படிச்சிட்டேன்."

"இல்லீங்க, ஃபாதர் இன்னா சொன்னாருன்னா..."

"ஃபாதர் இன்னா சொல்றது? இது என் தொழிலு. நீ போயி கொழம்பப் பாரு. போசொல்ல கதவச் சாத்திக்கினு போ."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுப் பூமாரியும் இன்னும் நாலு பெண்களும் காலிக் குடத்தோடு நின்றிருந்தார்கள். இனி ஓடவும் முடியாது. கஸ்பார் வேறு காகிதம் சொருகி, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தினான். எல்லாம் பெரிய எழுத்தாகவே விழுந்தது. தொலையட்டும் என்று விட்டான். ஆனால் ஐம்பத்தேழு என்று அடித்த இடத்தில் ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. ஒரு சதவீதக் குறியும் கொக்கி மாதிரி இன்னொன்றும் வந்து நின்றன. மறுபடி அடித்தான். மறுபடி கொக்கி. என்ஜினீயர் இதைப் பார்த்தால், ஃபாதர் தன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார் என்றே நினைப்பார்.

யேசுவே, சின்ன எழுத்து எங்கே போச்சு? ஆபீஸ் டைப்பிஸ்ட் சங்கரநாராயணன் ஒரே மெஷினில் பெரிசும் அடிக்கிறார், சின்னதும் அடிக்கிறார். தினமும் பக்கத்தில் நின்று டீ குடித்தவன், அவர் எதை அமுக்குகிறார் என்று ஒருநாளாவது பார்த்திருக்கலாம். அவரைத் தேடிப்போய்க் கேட்டால் திங்கட்கிழமை துறைமுகமே சிரிக்கும். வெட்கத்தில் கஸ்பாரின் காது சுட்டது.

சத்தமாவது வரட்டும் என்று பத்து விரலாலும் கண்ட சாவியைத் தடதடவென்று தட்டினான்.

"இன்னாங்க," என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல், "மணியே அடிக்கலியே?"

"இன்னா மணி?"

"வரி முடியசொல்ல டிங்குனு ஒண்ணு கேக்குமாமே?"

"கத்துக்குட்டிங்களுக்குத்தான் மணி அடிக்கும். எனக்கெல்லாம் அடிக்காது."

"ஓ," என்றாள்.

அந்த 'ஓ'வுக்கே அவன் உஷாராகியிருக்க வேண்டும். மனுஷனுக்கு அந்த நிதானம் எங்கே இருந்தது? ரிப்பன் கலீஜாக இருக்கிறது, மாற்று வாங்கிவருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு ஓடினான். அங்கே டைப்ரைட்டர் ரிப்பேர் பார்க்கும் கமாலுதீன், ஒரு மெஷினைக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், என் தோஸ்து ஒர்த்தன். அவன் மெசின்ல எல்லாம் பெரிய எழுத்தாவே வருதாம்."

"ஷிப்டு பூட்டு வுழுந்துகீதான்னு பாக்கச் சொல்லு."

"வுழுந்துகீதா இல்லியான்னு அவன் எப்டி பாய் தெரிஞ்சிக்குவான்?"

கமாலுதீன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "எடது பக்கம் ரெண்டு சாவி கீது. ஒண்ணு ஷிப்டு. அதுக்கு மேல கீறது பூட்டு. பூட்டுச் சாவி கீழ எறங்கி அப்டியே நின்னுகினு இருந்தா பூட்டிகீதுன்னு அர்த்தம். ஷிப்ட ஒரு தபா அமுக்கினா டக்குனு மேல வந்துரும். சின்ன எழுத்தும் வந்துரும், நம்பரும் வந்துரும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். தோஸ்து இன்னா வேலைல கீறான்?"

"டைப்பிஸ்ட்டு."

"எத்தினி வருசமா?"

"எட்டு."

"அல்லா காப்பாத்தட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

கஸ்பார் வேர்க்க விறுவிறுக்க வீடு வந்து சேர்ந்தான். மணி நாலேகால். மேசை காலியாக இருந்தது. மெஷினும் இல்லை, மனுவும் இல்லை. ஃப்ளோரன்ஸ் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மனு எங்க?"

"ஃபாதர் வந்து எடுத்துக்கினு பூட்டாரு."

"ஐயோ! நான் அடிச்சதயா?"

"சேச்சே. அத அடுப்புல போட்டுட்டேன். நான் அடிச்சத."

கஸ்பார் சுவரோரமாக உட்கார்ந்தான்.

"உனுக்கு எப்டி... எங்க கத்துக்கின?"

"ஒரு வருசமா காலைல கோயிலுக்கு நவநாளு ஜெபம், நவநாளு ஜெபம்னு போனேனே, அப்ப ஃபாதரோட மெசின்லதான். நவநாளுன்னா ஒம்போது நாளுதாங்க. தெனம் ஆயிரம் மூட்ட எண்றீங்க, அத எண்ணலியே."

"மூட்ட எண்றேன்னு உனுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான ரெண்டாவது வாரம், நீங்க மறந்துட்டுப் போன சாப்பாட்டத் தூக்கிக்கினு வந்தேன். வெயில்ல நின்னு கோடு போட்டுக்கினு இருந்தீங்க. பாக்கவே பாவமா இருந்திச்சி. ஒண்ணும் சொல்லாம திரும்பிட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு எண்ணெ தடவின?"

"கோடு போட்டாலும் வெரலு வலிக்கும்ல?"

அவமானத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"நீ பொறுத்துக்குவ ஃப்ளோரா. ஃபாதர் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? மெசின என்னை நம்பிக் குடுத்தனுப்பினாரே!"

ஃப்ளோரன்ஸ் முறத்தை ஒரு தட்டு தட்டினாள்.

"உங்கள நம்பி எங்க குடுத்தாரு? என்னை நம்பித்தான் குடுத்தாரு. நான் பூட்டப் போட்டுத் தலைப்ப அடிச்சிட்டு, கொழம்பக் கெளறிட்டு வர்றதுக்குள்ள நீங்க வந்து நாற்காலில உக்காந்துகினீங்க."